கால் மாத்திரைக் கம்பவுண்டர்

ஓடைப்பட்டிக் கம்பவுண்டரைப் போல மாத்திரைக்குக் கஞ்சத்தனம் பார்த்த ஆள் பூலோகத்தில் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. ஓடைப்பட்டிதான் எங்கள் ஊர்; எழுபதுகளில் அங்கே டாக்டரிடம் வேலை பார்த்தார். பேர் யாருக்கும் தெரியாது. 'கால் மாத்திரை' என்றால் கைக்குழந்தையும் ஆஸ்பத்திரிப் பக்கம் கை காட்டும். சவர பிளேடால் மாத்திரையை நாலாக வெட்டுவார். மூச்சுக்காற்றில் தூள் பறந்துவிடும் என்று மூக்கில் துண்டு வேறு கட்டிக்கொள்வார். வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்.

என் அண்ணனுக்கு வலிப்பு உண்டு. தினம் மூன்று மாத்திரை போட்டும் மாதம் ஒரு தடவை வந்துவிடும். டாக்டர் கொஞ்சம் கூட்டச் சொன்னார். கம்பவுண்டர் கால் மாத்திரையைக் காகிதத்தில் மடித்து என்னிடம் நீட்டினார்.

"என்ன சார், முழுசாத் தந்தா கொறஞ்சா போயிருவீக?"

"ஏலே, உங்க ஷெட்டுல திராட்சையைப் பெட்டி கட்ட எத்தனை பொம்பளையாளு?"

"எட்டுப் பேரு."

"அவுக கட்டுற அளவுக்கு மேல தினம் ஒரு கூடை பழம் வெட்டுனா?"

"அங்கனயே குமிஞ்சு கெடக்கும்."

"ஈரல்லயும் எட்டுப் பேருதாம்லே இருக்காக. இந்த மாத்திரையை அவுகதான் கழிச்சு வெளிய தள்ளணும். இப்பவே அவுகளுக்குக் கை ஒழியல. இன்னும் முழுசா ஒண்ணு கூட்டுனா ரத்தத்துல குமிஞ்சிரும்."

ஈரலுக்குள் எட்டுப் பொம்பளைகள்! ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

அண்ணனுக்குக் கம்பம் ஊரில் பெண் பேசி, எங்கள் வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்ற நாள் குறித்தார்கள். வலிப்பைப் பற்றிப் பெண் வீட்டாரிடம் மூச்சு விடவில்லை. அன்றைக்கு வந்து தொலைத்தால்? நாங்கள் திராட்சைக்காரர்கள். புழு சாகாவிட்டால் இன்னொரு மூடி மருந்தை ஊற்றுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம். தேனியில் மாத்திரை வாங்கி, டாக்டர் சொன்னதாக அண்ணனிடம் புளுகி, தினம் ஒன்று கூடுதலாகப் பத்து நாள் கொடுத்தேன்.

வெற்றிலை பாக்கு மாற்றும் நாளில் வலிப்பு வரவில்லை. அண்ணன்தான் ஆடிக்கொண்டே வந்தார். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். கண்மணிகள் இங்குமங்கும் ஓடின. பேச்சு குழறியது. மாமனாரைக் கும்பிடப் போய்த் தாம்பாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"காலங்காத்தாலயே சரக்கா?" என்று பெண்ணின் அப்பா ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஓடி வந்த கம்பவுண்டர், அண்ணன் கண்ணுக்கு முன்னால் விரலை நகர்த்திப் பார்த்தார்.

"கூடக் குடுத்தியாலே?"

"இல்ல சார்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்கள் அப்பாவிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே கம்பத்துக்குப் போனார். "மாப்பிள்ளை குடிக்கல. வலிப்புக்கு மாத்திரை போடுறாரு. நாந்தான் அளவு தப்பாக் குடுத்துட்டேன்" என்றாராம்.

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? வலிப்புன்னா மாத்திரை இருக்கு. குடிக்கு எங்க இருக்கு?" என்றாராம் பெண்ணின் அப்பா.

கூடுதல் மாத்திரையை நிறுத்தியதும் அண்ணன் தெளிந்தார்; கல்யாணமும் நிலைத்தது. விஷயம் டாக்டர் காதுக்கு எட்டி, கம்பவுண்டருக்கு வேலை போனது.

பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவரிடம் ஓடினேன். "சார், டாக்டர்ட்ட உண்மையைச் சொல்லிர்றேன்."

"உம் மூஞ்சி அன்னைக்கே சொல்லிருச்சுலே. வாயை மூடு. உங்கண்ணன் நீ குடுத்தாத்தான் மாத்திரை போடுறான். உம்மேல நம்பிக்கை போச்சுன்னா மாத்திரையையே விட்டுருவான்."

நியாயம்தான். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது நியாயத்துக்காக அல்ல, பயத்தில். டாக்டரிடமாவது தனியாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணன் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

கம்பவுண்டர் எந்த ஊருக்குப் போகிறார் என்றுகூட அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. அண்ணனுக்குப் பையன் பிறந்தபோது ஊருக்கெல்லாம் சீனி கொடுத்தேன். முதலில் கொடுக்க வேண்டிய மனுசனுக்குத்தான் விலாசம் இல்லை.