பின்பக்கம் உட்கார்ந்த கார்

செவ்வாய்க்கிழமை காலை, வாகட் குடியிருப்பின் வாசலில் இருக்கும் வேகத்தடையைத் தாண்டும்போது பத்ரிநாத்தின் கார் 'டர்ர்ர்' என்று அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு இறங்கியது.

"பத்ரி, ஏதோ கழண்டு விழுந்துடுச்சு போலடா," என்றான் பின்சீட்டில் இருந்த அருண்ராஜ். ஹிஞ்சேவாடி அலுவலகத்துக்கு இதே காரில் வருகிறவன். அக்கறை உண்டு, பெட்ரோலில் பங்கு கிடையாது.

"ஒண்ணும் கழலலை. பின்பக்க ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு. சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்."

பத்ரிநாத் எதையும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். விசில் சத்தத்தை வைத்துப் பருப்பு குழைந்துவிட்டது என்று அவன் அறிவித்த அன்று குக்கரில் இருந்தது உருளைக்கிழங்கு.

கார் பழையது, பின்சக்கரங்கள் தள்ளி ஓடுவது. வாரநாளில் அலுவலகம், ஞாயிறானால் லோனாவ்லா பக்கத்துத் தனியார் ஓடுதளத்தில் டிராக் ரேஸ். நேர்ப்பாதையில் இரண்டு கார்கள் நிற்கும், விளக்கு பச்சையானதும் யார் முந்திப் பாய்வது என்பதுதான் பந்தயம். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கெல்லாம் பத்ரிநாத் இதை விளக்கியிருக்கிறான். "கிளம்பறப்போ பாரம் பின்சக்கரத்து மேல விழணும். அப்பத்தான் டயர் தரையைக் கவ்வும். எல்லாம் சஸ்பென்ஷன்ல இருக்கு, சார்." கேட்டவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படியேறிப் போவார்கள்.

எடை கூடக் கூடாது என்று ஸ்டெப்னி, ஜாக்கி, குடை, டிஷ்யூ டப்பா வரை காரிலிருந்து எடுத்துவிட்டான். "டிக்கியில ஒரு துரும்புகூட இருக்கப்படாது," என்று மனைவி அம்ருதாவுக்குக் கண்டிப்பான உத்தரவு.

"டிக்கி பூட்டே மக்கர் பண்றது. நீ கையை வச்சா உடைச்சுடுவே. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் அம்ருதா. உத்தரவு போட்டவனுக்கு அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமைகளில் அவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பான். அன்று காரை எடுத்துக்கொண்டு அம்ருதா கட்கி தமிழ்க் கடைக்குக் கருவேப்பிலை வாங்கப் போவாள். ஒரு கொத்துக் கருவேப்பிலைக்கு இந்த டிராஃபிக்கில் கட்கி வரைக்குமா என்று பி விங்கில் பேச்சு உண்டு. கட்டினவன் கேட்டதில்லை. நமக்கென்ன?

ஆகுர்டியில் சலீமின் பட்டறை. கட்கியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், பத்ரிநாத் சொல்வதற்கெல்லாம் உற்சாகமாகத் தலையாட்டுகிறவர்.

"ஸ்பிரிங் பட்டை ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டுடலாம் சார். ஏக்தம் கல்லு மாதிரி நிக்கும்."

"அதைத்தான் நானும் நெனச்சேன்."

பட்டை ஏறியது, காரின் பின்பக்கமும் நிமிர்ந்தது. சனிக்கிழமை வழக்கம்போல அம்ருதாவின் ஸ்லோகக் குழுப் பெண்கள் பெரிய பெரிய துணிப்பைகளோடு வந்து, மனநிறைவோடு போனார்கள்.

மறுநாள் காலை கட்கி முருகன் கோவிலுக்குக் கிளம்பினார்கள். கார் பள்ளத்துக்குப் பள்ளம் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. அபிஷேகத்துக்கு எடுத்துப்போன பாலில் பாதி அம்ருதாவுக்கே அபிஷேகமானது.

"இது காரா, கலவை மிஷினா?"

"கம்பீரம்னா அப்படித்தான் இருக்கும். மத்தியானம் ஓடுதளத்துல பாரு."

ஓடுதளத்தில் பார்த்தார்கள். பச்சை விளக்கு எரிந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று, வெள்ளைப் புகை எழும்பி, கார் அதற்குள் காணாமல் போனது. புகை அடங்குவதற்குள் பக்கத்துத் தடத்து ஸ்டீபன் எல்லைக்கோட்டைத் தாண்டித் திரும்பியே வந்துவிட்டார். கட்கி வெடிமருந்து ஆலையில் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளை, இப்போது இதே குடியிருப்பில் சி விங்.

"அரே பத்ரி பாய், கொசுவுக்குப் புகை போட முனிசிபாலிட்டி வண்டி வருதே. நீ ஏன் சிரமப்படுறே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்ருதா சிரிக்கவில்லை. புடவையில் பால் காய்ந்திருந்தது.

"அடுத்த ஞாயிறு நிஜப் பந்தயம்தானே? ஸ்டீபன்கிட்ட தோத்தேன்னா இந்த வண்டியை வித்துடறோம். எனக்கு ஒரு சின்ன ஆட்டோமேடிக் போதும்."

"தோத்தாத்தானே!" என்றான் பத்ரிநாத்.

வரும் வழியிலேயே ஆகுர்டியில் நிறுத்தினான்.

"பட்டையைக் கழட்டிடுங்க சலீம் பாய். இளக்கமான ஷாக்அப்சார்பர் போடுங்க. வண்டி பூ மாதிரி இறங்கணும்."

"நானும் அதான் சொல்ல வந்தேன் சார்," என்றார் சலீம்.

வீடு வரை கார் தொட்டில் போல வந்தது. திங்கட்கிழமை அம்ருதா கருவேப்பிலைக்குப் போய்வந்தாள். செவ்வாய் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பும்போது பின்பக்கம் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட, மூக்கு மேலே போய், ஹெட்லைட் நிலாவைத் தேடியது. எதிரே வந்தவர்கள் மராத்தியில் திட்டினார்கள். அருண்ராஜ் மல்லாந்த நிலையில் கேட்டான்: "டேய், டேக் ஆஃப் ஆகப் போறோமா?"

"ரேஸ் காருக்கு இதான் லட்சணம்."

குடியிருப்புக்கு வந்தால், காரின் பின்னால் இறங்க இடமில்லாமல் புறாக்கூட்டம். வாட்ச்மேன் தினமும் விரட்டுகிறார், தினமும் வருகின்றன. "அழகு எங்கே இருக்கோ அங்கேதான் உட்காரும்," என்றான் பத்ரிநாத்.

சனிக்கிழமை விடிந்ததும் கடைசி வைத்தியத்துக்குக் காரைச் சலீமிடம் கொண்டுபோனான். கழற்றிய பட்டையை மறுபடி ஏற்றி, அச்சு முறுக்காமல் பிடிக்க இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி போடச் சொன்னான். வேலை முடியவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினால், ஸ்லோகக் குழு முழுவதும் துணிப்பைகளோடு கார் நிற்கும் இடத்தையே வெறித்தபடி நின்றிருந்தது.

"வண்டி எங்கே?" என்று கேட்ட அம்ருதாவின் முகம் வெளுத்திருந்தது.

"கவலைப்படாதே, காலையில நேரா ஓடுதளத்துக்கு எடுத்துண்டு போயிடுவேன்." பிறகு அவள் காதருகே, "பாத்தியா, நம்ம ரேஸுக்கு மாமிகள்கிட்ட எவ்வளவு எதிர்பார்ப்பு!"

அம்ருதா மாமிகளின் பைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு, அவர்களை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓடுதளத்தில் பரிசோதகர் பானட்டைத் திறந்து பார்த்தார், டயரை உதைத்தார், ஹெல்மெட்டைத் தட்டினார். டிக்கியில் கை வைத்தவரிடம், "பூட்டு ரிப்பேர் சார், உள்ளே காத்துகூட இல்லை," என்றான் பத்ரிநாத். அவர் போகட்டும் என்று கையசைத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. புகை இல்லை, துள்ளல் இல்லை. பின்சக்கரங்கள் தரையைக் கவ்வின. கார் கவணிலிருந்து கிளம்பிய கல்லாகப் பாய்ந்தது. ஸ்டீபன் கியர் மாற்றும்போதே முன்னால் ஒரு பின்பக்கம் தெரிந்தது. கடைசிவரை அதுவேதான் தெரிந்தது.

மாலையில் பார்க்கிங்கில் பாதிக் குடியிருப்பு கூடிவிட்டது. யாரோ பிள்ளையார் படத்து மாலையையே கழற்றிக் கொண்டுவந்து பத்ரிநாத்தின் கழுத்தில் போட்டார்கள். கார் விற்பனைப் பேச்சு மாலையோடு முடிந்தது.

"அந்தக் கம்பி எங்க கிடைக்கும் பத்ரி பாய்? நானும் போட்டுடறேன்," என்றார் ஸ்டீபன், உண்மையான மரியாதையோடு.

"கம்பி மட்டும் போறாது ஸ்டீபன். மூளை வேணும். பாரம் எங்கே, எவ்வளவு, எப்போ விழணும்னு கணக்குப் போட்டேன் பாருங்க, அங்கேதான் ஜெயிச்சேன்." காரின் முதுகைத் தட்டிக் கொடுத்தான். புறாக்கள் வந்து இறங்கின. "அறிவியல், சார். வெறும் அறிவியல்!"

கூட்டம் கைதட்டியது. அம்ருதா ஓசையில்லாமல் நகர்ந்து வந்து டிக்கியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

அப்போது ஸ்லோகக் குழுவின் பட்டு மாமி, இரண்டு துணிப்பைகளை உதறிக்கொண்டு கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார்:

"ஏண்டி அம்ருதா, ஜெயிச்சதெல்லாம் ரொம்ப சந்தோஷம், ஆனா நேத்திக்கு எங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கவேண்டிய அந்த ஆறு மூட்டை இட்லி அரிசியும் இன்னும் டிக்கியிலதானேடி இருக்கு?"