புண்ணற்ற நாடு

ஏழு ஆறுகள் ஓடுவதாகப் பாடப்புத்தகத்தில் மட்டும் எழுதியிருந்த சுகபுரி நாட்டில், வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியர் நூறு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நாகரத்தினம். கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். அவளுடைய தெருக்களில் அரசரின் பல்லக்குத் தூக்கிகள் குடியிருந்தார்கள். பல்லக்குத் தூக்குகிறவன் காலில் செருப்புப் போடக்கூடாது என்பது அரண்மனை மரபு. அதனால் அந்தத் தெருக்களில் பாதப் புண் இல்லாத வீடே கிடையாது.

நாகரத்தினத்துக்கு ஒரு பழக்கம். வாரத்துக்கு ஒருநாள், புண்ணின் விளிம்பையொட்டி நூலைச் சுற்றிப் பிடித்து, அந்த அளவுக்கு வெட்டி, ஒரு சீட்டில் ஒட்டி வைப்பாள். நூல் குறைந்தால் புண் ஆறுகிறது. நீண்டால் எங்கோ தப்பு நடக்கிறது. என்ன தப்பு என்று அந்த வீட்டிலேயே உட்கார்ந்து யோசிப்பாள். வெறுங்காலோடு ஈரத்தரையில் நடந்தால் ஆறாது, கட்டுத்துணியை அடிக்கடி மாற்றினால் சீக்கிரம் ஆறும் என்பதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவை அந்தச் சீட்டுகள்தான்.

அவளிடம் வைத்தியம் பார்த்தவர்களில் சடையாண்டி என்ற தூக்கிக்கு வலது பாதத்தையே எடுத்துவிட வேண்டும் என்று அரண்மனை வைத்தியர் சொல்லியிருந்தார். நாகரத்தினம் விடவில்லை. மனுஷனைத் திட்டித் திட்டி வீட்டில் உட்கார வைத்து, பழைய தோலில் மிதியடி தைத்து மாட்டிவிட்டாள். எட்டு விரற்கடை இருந்த நூல் நான்கு மாதத்தில் நான்கு விரற்கடைக்கு வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் நலவாழ்வு அமைச்சர் கீர்த்திவல்லபருக்கு ஒரு மனு எழுதினாள். எல்லாச் செவிலியரும் இப்படி அளக்கட்டும். நூல் குறைகிற இடத்தில் என்ன செய்தார்கள் என்று மற்றவர்கள் கற்றுக்கொள்ளட்டும். நீளுகிற வீட்டுக்குச் செருப்பும் துணியும் இன்னொரு செவிலியும் போகட்டும். இவ்வளவுதான் மனு. அமைச்சர் முதல் வரியை மட்டும் படித்தார்.

"அற்புதம்! இனிச் செவிலியரின் தகுதியை நூலே செப்பும்" என்றார்.

மறுநாள் முரசறைந்தார்கள். குட்டை நூல் காட்டுபவருக்குப் பட்டாடை, நீள நூல் காட்டுபவருக்குச் சம்பள அரிசி கிடையாது. அடேயப்பா, ஒரே மாதத்தில் நாடு முழுக்க நூல் குறைந்துவிட்டது! புண் மட்டும் அப்படியே இருந்தது. முழங்கால் சிராய்த்த பிள்ளை இருக்கும் வீட்டு வாசலில் நான்கு செவிலியர் முண்டியடித்தார்கள். பெரிய புண்காரர்களின் தெருவில் ஒருத்தியையும் காணோம்.

அப்படியும் சில நூல்கள் நீண்டே வந்தன. அமைச்சர் அசருகிற ஆளா? மூன்று மாதத்தில் ஆறாதவர்கள் 'ஒத்துழையாதோர்' என்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கவனிப்பாரில்லாமல் செத்துப்போனவர்களைப் பற்றியும் அவையில் கேள்வி எழுந்தது. செத்தவருக்கு நூல் இல்லை. நூல் இல்லையென்றால் புண் இல்லை. ஆகவே அவர்கள் முழுமையாகக் குணமடைந்தவர்கள் என்று விளக்கம் தரப்பட்டது. பன்னிரண்டு பேர் செத்த உலைமேட்டுக்கு அந்த வருடத்தின் சிறந்த பேட்டை என்ற விருது கிடைத்தது.

உள்ளதை உள்ளபடி அளந்த நாகரத்தினம் கடைசி இடத்தில் இருந்தாள். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சடையாண்டியின் வீட்டுப் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவும் வந்தது. அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"என்னால ஒனக்கு அரிசி போச்சே தாயி" என்று சடையாண்டி வருத்தப்பட்டார்.

"அரிசி கெடக்கட்டும். காலைக் காட்டுங்கண்ணே."

இப்படியே பட்டியல் சுத்தமாகி, நாட்டின் மொத்த நூல் பூஜ்யத்துக்கு வந்தது. 'புண்ணற்ற நாடு' என்ற பட்டம் கொடுக்க அண்டை நாட்டு மன்னர்கள் மூவர் வருவதாகச் செய்தி வந்தது. அரசர் சுகவர்மர் அகமகிழ்ந்து, தலைநகரின் பன்னிரண்டு தெருக்களிலும் பவனி வருவேன், குணமடைந்த தூக்கிகளே என் பல்லக்கைத் தூக்கட்டும் என்று அறிவித்தார். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குப் புண்ணும் இல்லை என்பதால், ஏட்டில் குணமாகியிருந்த சடையாண்டிக்கும் ஓலை போயிற்று.

நாகரத்தினம் அமைச்சரின் மாளிகைக்கு ஓடினாள்.

"ஐயா, ஒரு விரக்கடைதான் பாக்கி. இன்னும் மூணு வாரம் பொறுங்க. இப்பத் தூக்குனா அவருக்குக் காலே போயிரும்."

"எந்தக் கால்? நமது ஏட்டில் ஆறிவிட்ட காலா?"

"அவரு ஏட்டுல நடக்கலைங்கய்யா, தெருவுல நடக்குறாரு" என்று சீட்டை எடுத்து நீட்டினாள்.

அமைச்சர் அந்த நூலைப் பிய்த்தெடுத்து, வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்தார். பிறகு கத்தரிக்கோல் வரவழைத்து, அதை நான்காக வெட்டினார்.

"பார்த்தாயா பெண்ணே, ஒரு நொடியில் எவ்வளவு முன்னேற்றம்! ஒரு வருடமாக நீ என்னதான் செய்துகொண்டிருந்தாய்?"

பவனி புறப்பட்டது. நாகரத்தினம் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்லக்கின் பின்னாலேயே நடந்தாள். மூன்றாவது தெருவில் மண்ணில் ரத்தத் தடம் தெரிந்தது. மன்னர்கள் அமர்ந்திருந்த மேடைக்கு எதிரே வந்தபோது சடையாண்டியின் கால் மடங்கியது. பல்லக்கு சாய்ந்தது. மகாராஜா கல்தரையில் போய் விழுந்தார். முழங்கால் பிளந்து பட்டு வேட்டி நனைந்தது.

"ஐயோ! செவிலி! கட்டுப் போடு, சீக்கிரம்!" என்று அலறினார்.

நாகரத்தினம் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். சுத்தமான துணி ஒரே ஒரு சுருள்தான் மிச்சமிருந்தது. அதற்குள் கீர்த்திவல்லபர் குனிந்து அரசரின் காதில் ஓதினார்.

"பிரபோ, மூவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டம் இன்னும் நம் கைக்கு வரவில்லை. கட்டுப் போட்டால் புண் இருப்பதாக ஆகிவிடும்."

அரசர் மேடையைப் பார்த்தார். முழங்காலைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

"எமக்கு ஒன்றுமில்லை!"

வாழ்க வாழ்க என்று ஊரே முழங்க, ரத்தம் சொட்டச் சொட்ட நொண்டிக்கொண்டே மேடையேறினார். மூன்று மன்னர்களும் கைதட்டினார்கள்.

நாகரத்தினம் தெருவிலேயே உட்கார்ந்து சடையாண்டியின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு வருட உழைப்பு வாய் பிளந்து கிடந்தது. இந்தக் கால் இனித் தேறுமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆத்திரத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே துணிச் சுருளைப் பிரித்துக் கட்டத் தொடங்கினாள். அத்தனை வலியிலும் சடையாண்டி மேடையைப் பார்த்தார்.

"ராசாவுக்கும் ரத்தம் ஊத்துதே தாயி. அவருக்குக் கட்டலையா?"

"அவருக்கு ஆறிருச்சுண்ணே" என்றாள் நாகரத்தினம்.