பன்னிரண்டு மாசமும் கிறிஸ்துமஸ் தாத்தா

வில்ஃப் ஹார்கிரேவ் அன்றைக்குக் காலையில் ஒரு மகத்தான முடிவு எடுத்தார். அவித்த முட்டையின் மண்டையைக் கரண்டியால் தட்டிக்கொண்டே அதை அறிவித்தார்.

"மாவிஸ், நகராட்சி ஆபீசுக்கு நான் தனியாத்தான் போறேன். நீ வரக்கூடாது."

"சரிங்க" என்றாள் மாவிஸ்.

நாற்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

விஷயம் இதுதான். வில்ஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பென்ஷன் பத்தாமல் வேஷம் கட்டப் போவார். ஈஸ்டருக்கு நாலு நாள் கடைவீதியில் முயல். கோடையில் ஆறு வாரம் படகுத்துறையில் கடற்கொள்ளைக்காரன். அக்டோபர் கடைசியில் மூணு நாள் பேய். அப்புறம் செடி விற்கும் பெரிய கடையில் அஞ்சு வாரம் கிறிஸ்துமஸ் தாத்தா. மற்ற நாளெல்லாம் வெறும் வில்ஃப். அந்த வேஷத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் நகராட்சி உதவித்தொகை. சம்பாத்தியம் கூடினால் அது குறையும். டிசம்பர் கடைசியில், சம்பளச் சீட்டுகளை அனுப்பும்படி நகராட்சி கேட்டது. இவர் கையில் கிடைத்த அஞ்சை உறையில் போட்டு, தானே நாக்கால் நக்கி ஒட்டி அனுப்பினார். அஞ்சும் தாத்தாச் சீட்டு! அவர்கள் கூட்டினார்கள், அஞ்சால் வகுத்தார்கள், இதுதான் இவருடைய வாரச் சம்பாத்தியம் என்று முடிவு கட்டினார்கள். ஜனவரியில் உதவித்தொகைக்கு வெட்டு விழுந்தது.

"உங்களை ஜூலையிலயும் கிறிஸ்துமஸ் தாத்தான்னு நெனச்சுட்டாங்க" என்றாள் மாவிஸ். "பேசாம அந்தத் தாடிய மாட்டிக்கிட்டு வெயில்ல போய் நில்லுங்க. கணக்கு சரியாயிடும்."

"கிண்டலா பண்றே?"

"வருஷம் பூரா உள்ள சீட்ட அனுப்புங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே. எங்க அதெல்லாம்?"

"எங்கயோ கெடக்கும், விடுடி."

சீட்டு என்றாலே அவர் பேச்சை மாற்றுவதற்குக் காரணம் உண்டு. தாத்தா வேஷத்துக்கு வாரம் நூற்றிருபது பவுண்டு வாங்கிக்கொண்டு வீட்டில் எண்பது என்று சொல்லியிருந்தார். மிச்சம் நாற்பது, அந்த வேஷத்தின் இடது கால் பூட்ஸுக்குள். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தூண்டில் மூணு வருஷமாக அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சீட்டைக் காட்டாவிட்டால் வாடகை போகும். காட்டினால் மாவிஸ் கண்ணில் பட்டுத் தூண்டில் போகும். தனியாகப் போய் வாயாலேயே சரிக்கட்டிவிடலாம் என்பதுதான் அந்த மகத்தான முடிவு.

ஆபீசில் பெத்தானி என்ற பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க விஷயம் போன வியாழக்கிழமையே முடிஞ்சிருச்சே, ஐயா."

"யாரு முடிச்சா?"

"உங்க வீட்டம்மா. முயல் சீட்டு, கொள்ளைக்காரன் சீட்டு, பேய்ச் சீட்டு, எல்லாத்தையும் இஸ்திரி போட்டுல்ல கொண்டாந்தாங்க!"

"இஸ்திரியா?"

"வேஷத் துணிய அவங்கதானே துவைக்கறாங்க? முயல் சீட்டு காதுக்குள்ள இருந்துச்சாம். இப்ப வருஷம் முழுக்கப் பிரிச்சுச் சராசரி போட்டாச்சு. பழையபடி உதவி வரும். வெட்டுனதும் திரும்ப வரும்."

வில்ஃப் மேஜைமேல் குனிந்தார். "தாத்தாச் சீட்டையும்... பாத்தாளா?"

"மனு ரெண்டு பேர் பேர்லயும்தானே இருக்கு? நகல் கேட்டாங்க, கொடுத்தேன். சராசரி எப்படிப் போடறதுன்னு நாலு தடவ கேட்டு எழுதிக்கிட்டாங்க. 'ஆகா, இது வீட்டுக்கு ரொம்ப உதவும்மா'ன்னாங்க."

காற்றையும் மழையையும் பார்க்காமல் வில்ஃப் வீட்டுக்கு ஓடினார். பூட்ஸைக் கவிழ்த்தார். பழைய செய்தித்தாள் உருண்டை ஒன்று விழுந்தது. அவ்வளவுதான்.

"மாவிஸ்! இங்க எலி கிலி வந்துச்சா?"

"வந்துச்சுங்க. நல்ல எலி. மூணு வாரமா வாடகையில விழுந்த துண்டக் கட்டிட்டுப் போயிருச்சு."

"வாடகையையா?"

"பின்னே வீட்டுக்காரர் எலி வளையிலயா குடிவெப்பாரு?"

வில்ஃப் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மனசு ஒரு பக்கம் அழுதாலும் இன்னொரு பக்கம் லேசானது. வீடு தப்பியது. திட்டும் விழவில்லை. மெதுவாக இருமினார்.

"நகராட்சி திருப்பித் தருமே, அந்தக் காசு..."

"கேஸ் பில்லு காத்துக்கிட்டிருக்கு."

"சரி விடு. அந்தக் கிறிஸ்துமஸ் பழ கேக்குல மிச்சம் இருக்கும்ல? நம்ம ஊரு வழக்கப்படி சீஸ் வெச்சு ஒரு துண்டு குடு. அதாவது கெடைக்கட்டும்."

மாவிஸ் கேக்கை எடுத்தாள். பெரிய துண்டாக வெட்டினாள். சீஸும் வைத்தாள். தன் தட்டில் வைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் பக்கம் ஒரு காய்ந்த ரொட்டியை நகர்த்தினாள்.

"என்னடி இது?"

"டிசம்பர்ல அஞ்சு வாரம் நீங்க தின்ன கேக்க ஐம்பத்திரண்டு வாரத்துக்கும் பிரிச்சுப் பாத்தேங்க. உங்க பங்கு அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் தீந்துபோச்சு."