மிஸ்ட் என்று நினைத்த கறுப்புத் திரை

எனக்குக் கனவு காணும் வியாதி உண்டு. கண்ணைத் திறந்துகொண்டே காண்பேன். கரவனெல்லைக்கு மேலே, இறப்பர் மரங்களுக்கு நடுவில் எங்கள் வீடு. ஜன்னலில் மிஸ்ட், அதாவது மலைப் பனிமூட்டம், ஏறினால், நான் எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இப்படிப்பட்டவளை ஒரு கொழும்புக் கம்பெனி, வீட்டிலிருந்தே கர்னல் எழுத ஆறு மாதத் தவணைக்கு எடுத்தது. கணினியைப் போட்டதும் முதலில் விழித்து, மற்றதையெல்லாம் எழுப்புகிற நிரல்தான் கர்னல். அதில் சூட்டை அளக்கும் சென்சரைப் படிக்கிற பகுதி என்னுடையது. கடைசி நாள் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் கொழும்பில் ஏதாவது துணிக்கடை.

என் லெப்டொப்பில் அழகாக ஓடியது. அதில் சென்சர் முன்கூட்டியே விழித்திருக்கும். எங்கள் மேலாளர் ரிஸ்வான் சார், வரக்காப்பொலைக்காரர், அன்று வீடியோ கோலில் எல்லாரும் பார்த்திருக்க, கொழும்பிலிருந்து அதை வேர்ச்சுவல் மெஷினில், அதாவது கணினிக்குள் ஓடும் பாவனைக் கணினியில் போட்டார். அங்கே சென்சர் கடைசியாகத்தான் தயாராகும். என் நிரலோ அவசரக்குடுக்கை. தயாரா என்று கேட்காமலே போய்த் தட்டியது. கர்னல் ஓர் எழுத்துகூடக் காட்டாமல் விழுந்தது; அவர் காட்டிய திரை கறுத்தது.

எங்கள் பக்கத்தில் திரை கறுத்தால், மிஸ்ட்டில் சிக்னல் போய்விட்டது என்று அர்த்தம். காத்திருந்தால் வரும்.

"மிஸ்ட் ஏறுதுங்க சார், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணனை ரவுட்டரோடு ஜன்னலுக்கு வெளியே ஏணியில் ஏற்றினேன். தூறல் வேறு.

"இன்னும் மேல தூக்குண்ணே."

"ஹரி ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னான். "இதுக்கு மேல தூக்கினா எனக்குக் கொழும்பே தெரியும்."

மரங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் போவதைப் பார்த்தபடி பத்து நிமிஷம் சொக்கிப்போயிருந்தேன். (அதில் ஐந்து நிமிஷம், முதல் நிரந்தரச் சம்பளத்தில் எடுக்கப்போகும் சேலைக்கு நிறம் தேடியது.)

"தங்கச்சி," என்றார் ரிஸ்வான் சார் மெதுவாக, "ஒங்கட முகம் தெளிவா தெரியுது. சிக்னல் நல்லா ஈக்கிது. செத்தது நீங்க எழுதின கோட்."

மானம் போய்விட்டது. அழுதுகொண்டே இரண்டு வரி சேர்த்தேன்: தயாரில்லையா, தொடாதே, திரும்பி வந்துவிடு. மறுபடி போட்டார்; ஓடியது. ஆனாலும் தவணையை மூன்று மாதம் நீட்டிவிட்டுத்தான் நிரந்தரமாக்கினார்கள். ஏணியில் நின்றவனை நான் மறந்தே போனேன்.

அவன் மறக்கவில்லை. போன வருஷம் என் கல்யாணத்தில், பொண்ணை அழைத்து வரச் சொல்லி ஐயர் குரல் கொடுத்ததும், அண்ணன் என் அறை வாசலை மறித்து நின்றான்.

"இருங்க சாமி. மொதல்ல மாப்பிள்ள ரெடியான்னு பாருங்க. இல்லாட்டி இவ மிஸ்ட்டுன்னு சொல்லிட்டு அந்தி வரைக்கும் மணவறையில ஒக்காந்திருப்பா."

மண்டபமே சிரித்தது. ஐயரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். மணவறை காலி. கழன்றுபோன பட்டு வேட்டியைப் பிடித்தபடி மாப்பிள்ளை பக்கத்து அறையில் நிற்க, அவருடைய இரண்டு மாமாமார் கட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.