குடியுரிமை கேட்கும் மூச்சு மெஷின்

முதலியார்பேட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பாரீஸ் மாநகரத்தில் புருஷன் பிள்ளையோடு சகல சௌபாக்கியங்களும் பெற்று விளங்கும் என் அக்கா மகள் பூர்ணிமாவுக்கு, இரண்டு நுரையீரலில் ஒன்றரையைச் சிகரெட்டுக்குத் தாரைவார்த்துவிட்டு மிச்சமுள்ள அரையில் ராஜ்ய பரிபாலனம் செய்துவரும் உன் தாய்மாமன் சக்கரபாணி ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை நிர்மலாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதில் நிர்மலா நலம் என்கிற வரைக்கும் உண்மை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால் முக்கியமான இடத்திலெல்லாம் இருமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே இந்தக் கடிதம்.

எனக்கு வந்திருப்பது சிஓபிடி என்கிற நுரையீரல் வியாதி என்று டாக்டர் சொன்னதும், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று கேப்ஸ்யூலும் அதைப் போட்டுத் திருகுகிற பிளாஸ்டிக் குழல் ஒன்றும் கொடுத்ததும் உனக்குத் தெரியும். முதல் நாள் பெரிய மெஷினில் சோதனை செய்தபோது நர்ஸ் செந்தமிழ்ச்செல்வி, "ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க"ன்னு போட்ட சத்தம் விழுப்புரம் வரைக்கும் கேட்டிருக்கும். அப்புறம் சின்னக் குழலையும் விளக்க வந்தாள். முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்த எனக்கே பாடமா? "தெரியும்மா, போ" என்று சொல்லிவிட்டேன். எட்டு மாசமா ஒரு வேளை தவறினதில்ல. அறைக் கதவைச் சாத்திக்கிட்டு, கிழக்கே பார்த்து நின்னு, நான் ஊதுற ஊதல்ல மருந்துப் பொடி மறுபக்கம் மேகமா கிளம்பும். ஜன்னல்ல படுக்கிற பூனைக்கு முன்னெல்லாம் சுவரேறினாலே மூச்சு வாங்கும், இப்போ அது தென்னைமரம் ஏறுது. எதிர்வீட்டுக்காரருக்கு இருபது வருஷமா இருந்த இளைப்பு போன மாசம் நின்னுபோச்சு. எனக்கு மட்டும் எங்க வீட்டுப் பதினாலு படி இமயமலையா வளர்ந்துக்கிட்டே போகுது.

இப்போ வயித்தெரிச்சலுக்கு வர்றேன். தினமும் காலையில ஸ்கூட்டர்ல கடற்கரை ரோட்டுக்குப் போவோம். போன வருஷம் வரைக்கும் டூப்ளே சிலையிலேர்ந்து அந்தக் கோடி வரை நானும் உன் அத்தையும் ஜோடியா நடந்தோம். அவ பேசுவா, நான் உம் கொட்டுவேன். முப்பத்தஞ்சு வருஷ தாம்பத்தியத்துல நாங்க சண்டை போடாத ஒரே ரோடு அது. இப்போ நூறடி நடந்தா எனக்கு மூச்சு நின்னுடுது. "நீங்க ஒக்காருங்க, நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்"னு சொல்லிட்டுப் போறா. நாங்கன்னா யாரு? அவளும், பக்கத்து வீட்டு மிசியே பாவாடையும்! பிரெஞ்சு ராணுவத்துல சிப்பாயா இருந்து ரிட்டயரான சொல்தா. என்னைவிட ரெண்டு வயசு மூப்பு. எனக்கு இருக்கிற அதே வியாதி. ஆனா அந்த மனுஷன் குதிரை மாதிரி நடக்கிறான். அவளை "மதாம்"ங்கறான்! கட்டைச்சுவர்ல நான் ரெண்டு தண்ணி பாட்டிலை மடியில வெச்சுக்கிட்டுப் பார்க்கிறேன், ரெண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கிட்டுப் போறாங்க. கடல்ல அலை அடிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பரிதாபமா பார்க்குது.

அவனுக்கு மட்டும் ஏது அவ்வளவு மூச்சுன்னு துப்பறிஞ்சேன். எல்லாம் பாரீஸ்லேர்ந்து அவன் பொண்ணு அனுப்புற மெஷின். பட்டனை அழுத்தினா சின்னக் கண்ணாடியில பச்சை வரும், மருந்தைச் சரியா எடுத்துக்கிட்டா சிவப்பா மாறும். போன வியாழக்கிழமை நம்ம வீட்டுக்குக் காபி குடிக்க வந்தவன், அதை டேபிள் மேலேயே வெச்சிட்டுக் கை கழுவப் போனான். விடுவேனா? பட்டனை அழுத்தினேன், பச்சை வந்துச்சு. கடற்கரை கலங்கரை விளக்கமே அணையற மாதிரி ஒரு ஊது ஊதினேன். பச்சை பச்சையாவே இருக்கு! மறுபடி ஊதினேன், கண்ணுல பூச்சி பறந்துச்சு, அப்பவும் பச்சை. திரும்பினா வாசப்படியில அவனும் உன் அத்தையும்.

"இன்னா மிசியே, என் மெஷின்ல நாதஸ்வரமா வாசிக்கிற?"

"இன்னா கம்பெனின்னு பார்த்தேன்பா."

உன் அத்தை என்னைத் திட்டலை. அவனைப் பார்த்தா. அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில எனக்கு மிச்சமிருந்த அரை நுரையீரலும் பத்திக்கிச்சு.

ராத்திரி பகலா யோசிச்சு உண்மையைக் கண்டுபிடிச்சிட்டேன். அந்த மெஷின் குடியுரிமை பார்க்குது! பிரெஞ்சுக்காரன் வாய் வெச்சாதான் சிவப்பாகும். பிரெஞ்சுக்காரன் நம்ம ஊரை விட்டுப் போன காலத்துல எல்லாரும் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமகனானப்போ, உன் தாத்தா நோணாங்குப்பத்துல தூண்டில் போட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாரு. அதன் பலனை நான் அனுபவிக்கிறேன். நீ கல்யாணத்தால பிரெஞ்சுக்காரி ஆனவ. ஆகவே அங்குள்ள மருந்துக்கடையில் அதே மெஷின் ஒன்று வாங்கி, தாய்மாமனுக்கும் பணிந்து நடக்கும்படி அதனிடம் சொல்லி உடனே அனுப்பவும். தாமதித்தால் உன் அத்தை சீக்கிரமே பிரெஞ்சில் பேச ஆரம்பித்துவிடுவாள்.

உன் வீட்டில் ரொட்டியும் சோறும் குறையாமல் இருக்கட்டும், மாப்பிள்ளைக்கு மாமனின் ஞாபகம் அடிக்கடி வரட்டும், குழந்தைக்குத் தமிழில் கோபம் வரட்டும் என்று வாழ்த்தி,

மூச்சிரைக்க,
சக்கரபாணி

பி.கு.: தபால்தலை வாங்கப் போக மூச்சில்லாமல் கடிதம் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. இடையில் மாதாந்திர செக்கப்புக்குப் போனோம். "எங்க முன்னாடி ஒரு தபா எடுத்துக் காட்டுங்க"ன்னா நிர்மலா. காட்டினேன். பொடி மொத்தமும் செந்தமிழ்ச்செல்வி மூக்குக்கண்ணாடியில.

"ஐயா, எட்டு மாசமா இப்படித்தானா?"

"ஒரு வேளை தவறினதில்லம்மா."

"உள்ள இழுக்கணும் ஐயா! மூச்சை வெளியில விட்டுட்டு, வாயில வெச்சு, வேகமா இழுத்து, பத்து எண்ற வரைக்கும் பிடிக்கணும். அப்புறம் வாய் கொப்பளிக்கணும்."

இழுத்தேன். உள்ளே கேப்ஸ்யூல் கிர்ருன்னு சுத்துற சத்தத்தை அன்னைக்குத்தான் முதல்முதலா கேட்டேன். அடுத்தவர் மெஷினில் வாய் வைத்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பத்து நாள் ஆச்சு. இன்னைக்குக் காலையில காந்தி சிலை வரைக்கும் ஒக்காராம நடந்துட்டேன், பக்கத்துல உன் அத்தை. "இத்தனை மாசமா அந்தாள்கிட்ட இன்னாதான் பேசினே?"ன்னு கேட்டேன்.

"உங்களைப் பத்திதான். அவரு எப்படி மருந்து எடுக்கிறாரு, உங்களுக்கு மட்டும் ஏன் கேட்கலைன்னு. நேரா கேட்டா 'தெரியும், போ'ம்பீங்க. கதவை வேற சாத்திக்கிறீங்க. நீங்க எப்படி எடுக்கிறீங்கன்னு பார்க்கத்தான் மெஷினை டேபிள் மேல வெச்சிட்டுப் போகச் சொன்னேன்."

உம் கொட்டிக்கிட்டே அவ பக்கத்துல நடந்தேன்.

ஆகவே மெஷின் அனுப்ப வேண்டாம். மேலே எழுதியது அத்தனையும் வாபஸ். அந்த நல்ல மனுஷனுக்கு என் பேரில் ஒரு தொப்பி அனுப்பு. ரொம்ப அழகானதா வேணாம். காலையில எங்ககூடத்தான் நடக்கிறான்.