கேப்டன் ஸ்டார்முக்குச் சாவில்லை

சாகாவரம் தேவர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைப்பவர்கள், நியூயார்க்கில் எங்கள் பதிப்பகத்துப் படியேறி வந்ததில்லை. தன் வீரதீரங்களைத் தானே எழுதுவதாகப் பேர்பெற்ற 'கேப்டன் ரோலண்ட் ஸ்டார்ம்' என்ற மாபெரும் சாகச நாவலாசிரியரைச் சாகவிடாமல் காத்த புண்ணியம் எங்களுடையது. நான் அங்கே அச்சுக் கோர்ப்பவன். எழுத்துகளைக் கோர்ப்பேன், படிப்பது கிடையாது. முதலாளி ஹாக்ஸ்பியும் படிப்பதில்லை. அதுதான் எங்கள் 'இலக்கியக் கொள்கை'.

கரடிகளை வெறுங்கையால் கொன்ற கேப்டன், நிஜத்தில் புரூக்ளினில் மாடியறையில் குடியிருந்த ஒபடையா டிங்லி. குதிரையைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவார். குளிர்காலத்தில் நிமோனியா வந்து கண்ணை மூடினார். மனைவி மெர்சி எங்களிடம் வந்தாள்.

"கேப்டன் ஸ்டார்ம்ங்கிற பேர்ல எழுதினவர்னு கல்லறையில ஒரு வரி போடணும் ஐயா. நீங்க சம்மதிச்சாதான் போடுவாங்களாம்."

ஹாக்ஸ்பி உடனே 'அவசரக் கூட்டம்' கூட்டினார். தலைமை அவர், முன்மொழிந்தவர் அவர், கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். கேப்டன் பூரண நலத்துடன் இருப்பதாக ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

"அந்தப் பேரு பதிப்பகத்தோட சொத்தும்மா. இனிமே வேற ஆள் எழுதுவார். அதுவுமில்லாம, கேப்டனுக்குக் கல்யாணமே ஆகலை. நீங்க எங்கேருந்து முளைச்சீங்க?"

"அப்ப நான் இத்தனை வருஷமா யாருக்கு ரொட்டி சுட்டுப் போட்டேன்?"

"யாரோ டிங்லிக்கு."

ஹாக்ஸ்பிக்கு அப்போதுதான் பாதியில் நிற்கும் வாரத் தொடர்கதை நினைவுக்கு வந்தது. கேப்டன் போன வாரத்திலிருந்து ஒரு மலை உச்சியில் மரவேரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

"கேப்டன் எப்படித் தப்பிக்கிறார்னு டிங்லி உங்ககிட்ட சொல்லியிருப்பாரே?"

"சொன்னார். நானே எழுதித் தரேன்."

எழுதித் தந்தாள். கோர்த்தேன். அச்சானது. ஊர்தான் படித்தது. வேர் அறுந்துவிட்டதாம். விழும்போது கேப்டன் கத்தினாராம்: "என் பேரு ஒபடையா டிங்லி. என் பொண்டாட்டி மெர்சி."

டிங்லியின் கல்லறையில் கூட்டம் தாங்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஆண்பிள்ளைகள் தேம்பினார்கள். வாசகரான கல்தச்சர் ஒருவர் இரண்டு பெயரையும் சேர்த்துச் செதுக்கித் தந்தார். மெர்சி முதல்முறையாகச் சிரித்தாள்.

ஹாக்ஸ்பி மனம் தளரவில்லை. அடுத்த வாரமே புதிய கேப்டனைக் கொண்டு 'உண்மையை' எழுதவைத்தார். விழுந்தது கேப்டனே இல்லை. அவர் பெயரைத் திருடிக்கொண்டு ஊரை ஏமாற்றிய டிங்லி என்ற மோசடிக்காரன். கேப்டன் சாவகாசமாக மேலேறி வந்துவிட்டார்.

வாசகர்கள் நியாயவான்கள். தாங்கள் வைத்த பூவைத் தாங்களே எடுத்துப் போனார்கள். யாரோ கல்லில் சேற்றைப் பூசினார்கள்.

மெர்சி ஈரத்துணியும் கையுமாக என் மேசைக்கு வந்தாள்.

"உங்க கையாலதானே கோத்தீங்க? யாரு யாரோட பேரைத் திருடினாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நாங்க எதையும் படிக்கிறதில்லைம்மா."

திருட்டுக்கு உடந்தையாக இருக்க எழுத்துத் தெரிந்தால் போதும், படிக்க வேண்டியதில்லை என்று உலகுக்கு எடுத்துக்காட்டியதும் எங்கள் பதிப்பகமே.