மூன்றாம் வகுப்பு யுத்தம்

"என்னை எப்ப பர்மனெண்ட் பண்ணுவீங்க?"

தலைமையாசிரியை கஸ்தூரியம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு ஜன்னலையும் சாத்தினார்.

"சேர்ந்த அன்னைக்கே என்ன சொன்னேன் சந்திரா? சாக்பீஸ் கேளு, லீவு கேளு, இதை மட்டும் கேக்காதேன்னு சொன்னேனா இல்லையா?"

"மூணு வருஷமா சாக்பீஸ்தான் கேட்டுகினு இருக்கேன்."

சந்திராவின் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. அம்மா குள்ளஞ்சாவடிப் பக்கம் அடுத்தவர் வயலில் களை பறித்துத்தான் இவளை வரலாற்றில் பி.ஏ. ஆக்கினாள். பட்டத்தோடு கோபத்தையும் சேர்த்து வாங்கி வந்தவள் என்று மற்ற ஆசிரியைகள் பேசிக்கொள்வார்கள்.

"வெள்ளிக்கிழமை செக்ரட்டரி உன் வகுப்பைப் பாக்க வர்றார். யுத்தப் பாடம். அவருக்குப் பிடிச்சிருந்தா அவரே ஏதாவது சொல்வார். நீ வாயைத் திறக்காதே."

செக்ரட்டரி சண்முகசுந்தரம் நெய்வேலி சுரங்கத்தில் என்ஜினியர். டவுன்ஷிப்பில் இந்தச் சின்னத் தனியார் பள்ளியை நடத்தும் கமிட்டி அவர் சட்டைப் பையில் இருந்தது.

யுத்தப் பாடம் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். எல்லை, சிப்பாய், வெற்றி. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். சந்திரா புத்தகத்தை மூடினாள்.

"யுத்தம் நம்ம ஊருக்கும் வந்துச்சு. எழுபத்தொண்ணு டிசம்பர். நீங்க அப்ப கைக்குழந்தைங்க. டவுன்ஷிப் முழுக்க லைட்டை அணைச்சாங்க. வீட்டுல என்ன நடந்துச்சுன்னு அப்பாவைக் கேட்டுகினு வாங்க."

மறுநாள் இருபத்தொன்பது பிள்ளைகள் கை தூக்கினார்கள்.

"டீச்சர், எங்கப்பாதான் தனியா நின்னு டவுன்ஷிப் லைட்டையெல்லாம் அணைச்சாராம்!"

"டீச்சர், அது எங்கப்பா!"

எண்ணிப் பார்த்ததில் இருபத்தெட்டு அப்பாக்கள் தனித்தனியாக நெய்வேலியை இருட்டாக்கியிருந்தார்கள். ஒருவர் எதிரி விமானத்தை டார்ச் அடித்து விரட்டியிருந்தார்.

கடைசி பெஞ்சில் செல்லக்கிளி மட்டும் சும்மா இருந்தாள். அவள் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம்.

"உங்க வூட்ல என்னம்மா சொன்னாங்க?"

"எங்க வூட்ல அப்ப கரண்டே இல்ல டீச்சர். எத்தை அணைக்கறதுன்னு அப்பா கேக்குது."

சந்திராவுக்கு அந்த ஒன்றுதான் வரலாறாகப் பட்டது. மற்றவற்றைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்தாள். "நாளைக்கு அப்பாவைக் கேக்காதீங்க. அம்மாவைக் கேளுங்க."

அம்மாக்கள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

விமானத் தாக்குதல் ஒத்திகைக்காக வீட்டுக்கு வீடு குழி வெட்டியிருந்தார்கள். சைரன் ஊதினால் எல்லோரும் அதில் இறங்க வேண்டும். ஒரு நாள் மத்தியானம் ஊதியது. பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு குழிக்குள் குதித்தார்கள். ஆண்கள்? வருஷக்கணக்காக சைரன் கேட்டாலே ஷிப்டுக்குக் கிளம்பிப் பழகிய கால்கள். டிபன் கேரியரை மாட்டிக்கொண்டு சைக்கிளில் சுரங்கத்துக்கே போய்விட்டார்கள். நூற்றுக்கணக்கான பேர் கேட்டில் போய் நின்றதைப் பார்த்துக் காவலாளி, எதிரிதான் வந்துவிட்டான் என்று ஸ்டூலுக்கடியில் ஒளிந்தானாம்.

வியாழக்கிழமை காலையில் பதினோரு அப்பாக்கள் பள்ளிக்கு வந்தார்கள். முன்னால் திருநெல்வேலிக்காரர் மாடசாமி.

"என்ன டீச்சர், படிப்பு சொல்லிக் குடுக்கீயளா, குடும்பத்தைக் கலைக்கீயளா? சோறு திங்கும்போது எம் மவன் கேக்கான், 'யப்பா, குண்டு போட வந்தா நீ ஓவர்டைம் பாப்பியா'ன்னு."

"அவன் கேட்டதுல தப்பு என்னாங்க?"

வராந்தாவில் நின்ற கஸ்தூரியம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டார்.

சந்திரா மறுபடியும் சரிசெய்தாள். "நாளைக்கு வகுப்புக்கு வாங்க. உங்க பக்கத்தை நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை அப்பாக்கள் வந்தார்கள். அவர்கள் சொல்வதைத் திருத்துவதற்காக அம்மாக்களும் வந்தார்கள். வகுப்பில் இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர். செக்ரட்டரி தன் மனைவி கமலாவோடு வந்தபோது, உள்ளே ஷிப்டா குழியா என்று சண்டை உச்சத்தில் இருந்தது.

"செத்தோம்" என்றார் கஸ்தூரியம்மாள்.

செக்ரட்டரி கையை உயர்த்தினார். அமைதி.

"குழந்தைகளே! அன்னைக்கு சைரனைச் சரியாப் புரிஞ்சிகிட்ட ஒரே ஆம்பளை யார் தெரியுமா? நான்தான். எனக்கு அன்னைக்கு வீக்லி ஆஃப். சைரன் ஊதினதும் நேரா குழிக்குள்ள இறங்கிட்டேன்."

அப்பாக்கள் தலையைக் குனிந்தார்கள்.

"எப்ப சார் ஏறுனீங்க?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

செக்ரட்டரி கர்ச்சீப்பைத் தேடினார். கமலா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை.

"எல்லாம் முடிஞ்சுதுன்னு திரும்ப ஊதினாங்க கண்ணு. இவரு அதை ஷிப்ட் சைரன்னு நினைச்சுகிட்டு, 'எனக்குத்தான் இன்னைக்கு ஆஃப் ஆச்சே'ன்னு உள்ளேயே உக்காந்துட்டாரு. நான் போய் சாப்பிடக் கூப்பிட்டப்ப மணி எட்டு. 'விளக்கைக் காட்டாதே, விமானம் வரும்'ங்கறாரு!"

முதலில் மாடசாமி சிரித்தார். அப்புறம் ஜன்னல் கம்பிகள் சிரித்தன, முப்பது பிள்ளைகளும் பெஞ்சைத் தட்டினார்கள். கடைசியில் செக்ரட்டரியே கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இப்படி ஒரு பாடம் நான் பார்த்ததில்லை. பிள்ளைங்க இதைச் சாகற வரைக்கும் மறக்க மாட்டாங்க. சந்திரா டீச்சருக்கு கமிட்டி சார்பா இப்பவே ஒரு பரிசு அறிவிக்கிறேன்!"

கஸ்தூரியம்மாள் கைகூப்பினார்.

"டெம்பரரியை இன்னும் ஆறு மாசம் நீட்டிக்கிறேன்!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. சந்திரா மேசை மேலிருந்த குடையை எடுத்தாள். செல்லக்கிளியின் தலையை ஒரு தரம் தடவினாள். வகுப்பைவிட்டு வெளியே நடந்தாள். கைதட்டியவர்கள் அதை அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கஸ்தூரியம்மாள் பின்னாலேயே ஓடி வந்தார். "எங்கடி போறே? ஆறு மாசம்னா சும்மாவா? அவசரப்படாதேடி!"

"கடலூர்ல நாலு பள்ளிக்கூடம் இருக்கு, போய்க் கேக்கறேன். வாசல்லயே கேக்கறேன், பர்மனெண்ட்டான்னு. நீங்க பர்மனெண்ட் நாற்காலியில உக்காந்துகினு அவசரப்படாதேன்னுதான் சொல்வீங்க. உங்களுக்கு என்னா தெரியும் எங்க கஷ்டம்?"

கஸ்தூரியம்மாள் வராந்தாவிலேயே நின்றுவிட்டார். சந்திரா விறுவிறுவென்று கேட்டைத் தாண்டினாள்.

வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்த பள்ளி ஆயா சாமியம்மாள் நிமிர்ந்து, துடைப்பத்தை உள்ளங்கையில் தட்டிக்கொண்டாள்.

"அந்தம்மாவும் டெம்பரரிதான் டீச்சர், பதினாலு வருசமா. இந்தப் பள்ளிக்கூடத்துல பர்மனெண்ட்டு நான் ஒருத்திதாங்க."